தவறான வயிறு

கொட் மீனின் வயிற்றோரச் சதையைக் கத்தியால் நீக்கும்போது, மணிக்கூட்டுச் சுருள்வில் போல வெள்ளையாக ஒன்று சுருண்டு கிடக்கும். ஒஸ்லோ றெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்கும் எங்களுக்கு அது பழகிய காட்சி. அனிசாக்கிஸ் என்ற புழு. விலங்கியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டுப் புறப்பட்ட எங்களுக்குப் படிப்பின் மிச்சம் இந்த மீன் வெட்டும் பலகையில்தான் உதவுகிறது.

புழுவின் பயணம் மீனில் தொடங்குவதில்லை. திமிங்கிலத்தின் கழிவோடு முட்டை கடலில் விழுகிறது. பொரித்து வரும் குடம்பியைக் கிறில் தின்கிறது. கிறில், எங்கள் ஊர்க் கூனி றால் மாதிரி ஒரு சின்ன உயிர். ஒரு அங்குலம் வரும். வடதுருவத்தை அண்டிய பேரன்ட்ஸ் கடலில் கூட்டங்கூட்டமாகத் திரிகிறது. அதன் உடற்குழிக்குள் புழு வளரும், ஆனால் முதிராது. கிறிலை மீன் தின்ன, புழு மீனின் குடலைத் துளைத்து வெளியேறி ஈரலிலும் சதையிலும் சுருண்டு படுக்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கினால் வீடு மாறும், அவ்வளவுதான். திமிங்கிலத்தின் இரைப்பையை அடைந்தால்தான் அது முதிர்ந்து முட்டையிடும்.

மனித வயிறு அதற்குத் தவறான இடம். பச்சை மீனோடு உள்ளே போனால் இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வலி கொடுக்கும். பிறகு முதிராமலே செத்துப்போகும். பச்சை ஹெரிங் சாப்பிட்ட ஒல்லாந்துக்காரரிடம் இந்த நோயை 1960 இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். இன்று, பச்சையாகப் பரிமாறும் கடல்மீனை மைனஸ் 20 பாகையில் 24 மணித்தியாலமாவது உறையவைக்க ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது.

எங்களுக்கு முன் வந்த தமிழர் பலர் 1980களின் கடைசியிலும் 1990களிலும் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். கீழிருந்து வெளிச்சம் பாயும் மேசையில் மீன் துண்டை வைத்து, நிழலாய்த் தெரியும் புழுவைக் கத்தி நுனியால் எடுப்பது அங்கே ஒரு வேலை.

அகதியை ஒட்டுண்ணி என்று சொல்லும் வாய்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பஸ்ஸிலும் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் அந்த உயிரைக் கண்டிருக்க மாட்டார்கள். அது அவர்களின் கோப்பைக்கு வராமல் பார்த்துக்கொள்வது நாங்கள்.

புழுவுக்குத் தவறான வயிற்றில் சந்ததி இல்லை. எங்கள் பிள்ளைகளோ இங்கே நோர்வேஜிய மொழியில் சண்டை பிடித்து வளர்கிறார்கள். நாங்கள்தான் இன்னும் சுருண்டு படுத்தபடி, போய்ச் சேரவேண்டிய இடம் வேறெங்கோ இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.