தெரிந்துதான் ஆக வேண்டுமா?

டி.என்.ஏ. புகழ் ஜேம்ஸ் வாட்சனைத் தெரியும்தானே? 2007-ல் அவருடைய மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பொதுவில் வைத்தார்கள். ஒரே ஒரு மரபணுவை மட்டும் வெளியிடக் கூடாது, தனக்கும் சொல்லக் கூடாது என்றுவிட்டார் மனுஷன். அதன் பெயர் ஏ.பி.ஓ.ஈ. அவர் பாட்டிக்கு அல்சைமர் இருந்ததாம். அடுத்த வருஷமே, பக்கத்துப் பகுதிகளை வைத்து அதை ஊகித்துவிடலாம் என்று சிலர் காட்ட, அவற்றையும் நீக்க வேண்டியதாயிற்று!

இந்த மரபணுவில் ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். ஈ4 ஒன்று இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு கூடும், இரண்டு இருந்தால் இன்னும் கூடும். ஆனால் இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்து ஆபத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்தால் என்ன? முதலில் எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கண்டுபிடித்த பிறகு என்ன சொல்வோம்? ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்து, சர்க்கரையைப் பார், புகைக்காதே, காது மந்தமானால் கருவி மாட்டு. லான்செட் குழு 2024-ல் இப்படி 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அத்தனையையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாமாம். இதைச் சொல்ல மரபணு எதற்கு? எல்லோருக்கும் இதே அறிவுரைதானே!

சோதனையே வீண் என்று சொல்ல வரவில்லை. லெகனெமாப் மருந்து கொடுக்கும் முன் பார்ப்பது அவசியம். இரண்டு ஈ4 உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் மூளையில் வீக்கமும் கசிவும் வரும் ஆபத்து அதிகம். ஆனால் ஊருக்கே செய்வது வேறு விஷயம். அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் காப்பீட்டுக்கு இல்லை.

என் அப்பாயி கடைசி நாலு வருஷம், "நீ யாரு வீட்டுப் புள்ள தம்பி?" என்று என்னையே கேட்கும். அதனால் எனக்கும் எச்சில் துப்பி அனுப்பிப் பார்க்கும் ஆசை உண்டு. ஆனால் எனக்கு இரண்டு ஈ4 என்று வந்தால், அதில் ஒன்று அப்பா கொடுத்தது. அவர் கேட்காத செய்தி அவருக்கும் சேர்ந்தே வந்துவிடும்.

அப்பாவிடமே கேட்டேன். "தெரிஞ்சு என்னடா பண்ணப் போறோம்?" என்றார்.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றேன். மறந்துவிட்டாராம்.

இப்போதைக்கு அதைத் தினமும் ஞாபகப்படுத்துகிறேன். நீங்களாக இருந்தால் சோதித்துப் பார்ப்பீர்களா?