முள் சொன்ன பொய்

பொட்டி தட்டி மூணு வருஷம் சேர்த்த காசுல, இங்கே அமெரிக்காவில் ஆசை ஆசையா வாங்கினது என் 1992 மாஸ்டா மியாட்டா. போன மாசம் ஆயில் பிரஷர் முள் 90-லயே போய் நின்னுடுச்சு. "ரிலீஃப் வால்வ் மாட்டிக்கிச்சு, எஞ்சினைத் திறக்கணும்"னு சொல்லிட்டார் மெக்கானிக். அவர் கேட்ட தொகை, கார் விலையில் பாதி. வித்துத் தொலைச்சிடலாமான்னுகூட யோசிச்சேன் மக்கா.

ராத்திரி தூக்கம் வரலை. ஆயில் சூடானா இளகும், பிரஷர் இறங்கணும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஏறணும். வால்வ் மாட்டிக்கிட்டாலும் இந்த ஏத்த இறக்கம் இருக்கும். நம்ம முள்ளோ குளிர்லயும் சூட்டுலயும், ஐடில்லயும் 3000 ஆர்பிஎம்லயும் ஒரே இடம். அப்போ சந்தேகப்பட வேண்டியது எஞ்சினையா, அளக்கறவனையா?

சனிக்கிழமை ஆயில் ஃபில்டர் பக்கத்துல இருக்கற சென்சரைக் கழட்டிட்டு, மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். அங்கே மரை பிஎஸ்பிடி; அமெரிக்கக் கடையில் சாதாரணமா கிடைக்கற என்பிடியைத் திணிச்சா பிளாக் மரை காலி. சூடான ஐடில்ல 30, 3000-ல 50. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு! புது சென்சர் போட்டதும் முள் ஆட ஆரம்பிச்சது. கூடவே நானும்.

கத்துக்கிட்டது இதுதான்: பதறுறதுக்கு முன்னாடி அளவுகோலை அளந்து பாருங்க.

டிஸ்கி: 1995 மாடலிலிருந்து மியாட்டா முள், பிரஷர் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். அது நடுவுல நிக்குதேன்னு நிம்மதியா தூங்கிடாதீங்க!