காற்றை இறக்கும் கூச்சம்

லிவாவில் தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, குத்தவைத்து உட்கார்ந்து, டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடும்போது எனக்கு இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பின்னால் ஏதாவது வண்டி வந்தால் அது கடந்து போகும்வரை போனைப் பார்ப்பதுபோல நிற்பேன். ஆள் அரவம் அடங்கிய பிறகே வால்வு மூடியில் கைவைப்பேன். இத்தனைக்கும் அந்த வழியில் வருகிறவர்கள் எல்லோரும் அதே இடத்தில் இறங்கி அதே காரியத்தைச் செய்கிறவர்கள். யாரும் சிரிக்கப்போவதில்லை. தெரிந்தும் கூச்சம் போகவில்லை.

நான் சங்ககிரிக்காரன். அப்பா நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். வழியில் டீக்கு நிறுத்தினால், கிளீனர் இருந்தாலும் அவரே கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, எல்லா டயரையும் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ கிளாஸைத் தொடுவார். 'டங்'கென்று கேட்டால் காற்று இருக்கிறது. 'தொப்'பென்று கேட்டால் அன்றைய ராத்திரி போச்சு. நூறு பவுண்டுக்கு மேல் காற்றுப் பிடித்த ஜோடி டயர்களில் ஒன்று இறங்கினால் லோடு முழுக்கப் பக்கத்து டயரின் தலையில் விழும். இறங்கிய டயர் மடங்கி மடங்கிச் சூடேறும். சில சமயம் தீயே பிடித்துவிடும். காற்று குறைந்த டயரோடு ஓட்டுவது டிரைவருக்கு அவமானம் என்று கேட்டு வளர்ந்தவனிடம் போய், நல்ல டயரில் பாதிக் காற்றைத் திறந்துவிடு என்றால் எப்படி இருக்கும்?

லிவா அபுதாபியின் தென்பக்கம், அல் தஃப்ரா பகுதியில் இருக்கிறது. பேரீச்சந்தோப்பு ஊர்கள் வில்லாக வளைந்து கிடக்கும். அதற்குத் தெற்கே ரூப் அல் காலி. சவூதி, ஓமான், ஏமன் வரை போகிற ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணல். எனக்கு வேலை ஒட்டகப் பண்ணைகளுக்குத் தீவனமும் தண்ணீரும் கொண்டுபோவது. வண்டி ஒற்றைக் கேபின் லேண்ட் குரூசர் பிக்கப். வளைகுடாவில் எல்லோரும் 'ஷாஸ்' என்று கூப்பிடுவது. அடியில் 7.50 ஆர் 16 டயர். ஒடுக்கம், உயரம், உள்ளே டியூப்.

ரோட்ஸ் புல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு மத்தியானம் பின் சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன. மண்வெட்டியை எடுத்தேன். வெட்ட வெட்ட மணல் சரிந்து குழியை நிரப்பியது. பின்னால் இன்னொரு ஷாஸில் தண்ணீர்த் தொட்டியோடு வந்த பத்தான் டிரைவர், அப்பா வயதுக்காரர், மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக நட்டார். "ஹவா நிகாலோ, பேட்டா" என்றார். டயரில் காற்றெல்லாம் சரியாக இருக்கிறது பாய் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதுதான் கோளாறு என்று சொல்லிவிட்டு முன் டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்தார்.

வால்வு மூடியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டார். சாவிக்கொத்தில் இருந்த ஒரு சின்னச் சாவியின் முனையால் வால்வுக்குள் இருக்கும் ஊசியை அமுக்கினார். அந்த 'ஸ்ஸ்' எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. என் கட்டைவிரலை இழுத்து அந்தக் காற்றில் காட்டினார். அத்தனை வெயிலிலும் சில்லென்று இருந்தது. டயர் தரையைத் தொடும் நீளத்துக்கு மணலில் விரலால் ஒரு கோடு போட்டார். முதலில் அரைச்சாணைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. காற்று இறங்க இறங்கப் பக்கச்சுவர் பிதுங்கியது, கோடு ஒரு சாணையும் தாண்டிப் போனது. அகலத்தில் சொல்லும்படி மாற்றம் இல்லை. நாலு டயரிலும் இறக்கிய பிறகு பின் சக்கரங்களுக்குப் பின்னால் இருந்த மணலைக் கையால் வழித்துவிட்டு, ரிவர்ஸ் போடு, வந்த தடத்திலேயே வா, ஆக்ஸிலேட்டரை உறுமவிடாதே என்றார். வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு டயர்மேல் 600 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். 35 பவுண்டு என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் இரண்டரைக் கிலோ. 600 கிலோவைத் தாங்க ஏறக்குறைய 240 சதுர செ.மீ. இடம் போதும். 15 பவுண்டுக்கு இறக்கினால் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ சொச்சம்தான். டயர் 570 சதுர செ.மீ. வரை பரவியாக வேண்டும். டயருக்கென்று சொந்த விறைப்பும் உண்டு, அதனால் கணக்கு அச்சாக வராது. ஆனாலும் மணல்மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆற்று மணலில் இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி பதிவதையும், டயர் வண்டி மேலோடு போவதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதிந்த சக்கரம் தனக்கு முன்னால் தானே குவித்த மணலை ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் பலமெல்லாம் அந்த ஏற்றத்துக்கே செலவு.

இந்த வித்தைக்கு வயது அதிகம். 1930 வாக்கில் லிபியப் பாலைவனத்தில் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, ஃபோர்டு மாடல் ஏ கார்களில் டயர் காற்றைக் குறைத்து, சிக்கினால் இரும்புத் தகடு போட்டு, வண்டி ஏறாது என்றிருந்த மணல்மேடுகளை ஏறிக் கடந்தார். மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 1941-ல் அவர் எழுதிய நூலை அந்தத் துறைக்காரர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கொண்டுவந்த 'டக்' என்ற நீர்நில லாரியிலோ, டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றை ஏற்றி இறக்கலாம். படித்தபோது பொறாமையாக இருந்தது. இறங்க வேண்டாம், குத்தவைக்க வேண்டாம், யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"காத்தெ எறக்கிட்டு ஓட்டுனா டயரு என்னத்துக்காகும் கண்ணு?"

"மணலுக்கு மட்டுந்தானுங்கப்பா. மெதுவாத்தான் போவணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பின்னால லோடு எவ்வளவு?"

"முக்கா டன் இருக்குமுங்க."

"அப்பறம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே காத்தா வெக்கிறே?"

பாலைவனத்தைப் படத்தில்கூட உருப்படியாகப் பார்க்காத மனுஷன் கேட்ட கேள்வி. பாய் அன்றைக்குக் கண் அளவில் இறக்கினார். பின்னால் கொஞ்சம் கூடுதலாக விட்டாரா என்று நான் கவனித்திருக்கவில்லை. அதிலிருந்து லோடு இருந்தால் முன்னால் 15, பின்னால் 20. காலி வண்டி, மாவு மாதிரி மணல் என்றால் எல்லாவற்றிலும் 12 வரை போவேன். 10-க்குக் கீழே போக மாட்டேன். அதற்குக் கீழே, ஸ்டீயரிங்கை வெட்டி ஒடித்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். டியூப் டயர் இன்னும் மோசம்: ரிம்மின்மேல் டயர் வழுக்கிச் சுழலும், கூடவே டியூபும் போகும், வால்வுக் காம்பு வேரோடு பிய்ந்துவிடும். அளக்கிற நேரமும் முக்கியம். தார் ரோட்டில் ஓடி வந்த சூட்டோடு 15 வைத்தால், ராத்திரி மணலில் ஆறியதும் 12, 13-க்கு வந்து நிற்கும். சப்காவில் இந்த வித்தை ஏதும் பலிக்காது. மேலே உப்புப் பொருக்கு, அடியில் சேறு. அங்கே ஒரே வழி, பழைய தடத்தை விட்டு விலகாமல் இருப்பது.

காற்றை இறக்குவதைப் பற்றி ஆளாளுக்குப் பெருமையாகப் பேசுவார்கள். திரும்ப ஏற்றுவதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை. பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் கதறிக்கொண்டே ஒவ்வொரு டயராக ஏற்றும், நிழல் கிடையாது, பசி வேறு. பெட்ரோல் பங்க் பக்கத்தில்தானே, அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று 15 பவுண்டோடு தார் ரோட்டில் 100-ல் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் அந்த ரோடே கொதிக்கும். குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து உள்ளுக்குள் வேகும். அப்பாவின் பயம் முழுக்க முழுக்க நியாயமாகும் இடம் இது. இந்த வேலையில் மட்டும் எனக்குக் கூச்சமே கிடையாது. நாலு பேர் பார்க்க உட்கார்ந்து பிடிப்பேன்.

பழைய டயர்கள் தேய்ந்ததும் நீயே பார்த்து எடு என்று முதலாளி அர்பாப் என்னையே கடைக்கு அனுப்பினார். அங்கே இன்னொரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு எம்டி டயர்மேல் தீராத ஆசை. சேற்றுக்கென்று செய்தது. கட்டை கட்டையாகப் பட்டன்கள், இடையில் விரல் போகும் அளவு பள்ளம். நிற்கிற வண்டியைக்கூட முரடனாகக் காட்டும். கடைக்கார சேட்டன் அதைத் தொடவே விடவில்லை. சேற்றில் அந்தப் பள்ளங்கள் சேற்றைக் கவ்வித் துப்பும். மணலில் சக்கரம் சுழன்றால் மண்வெட்டியாகித் தனக்கே குழி தோண்டும். தார் ரோட்டுக்கென்று செய்த எச்டி டயர் மணலுக்கு மோசமில்லை, ஆனால் பண்ணைப் பாதையில் கல்லும் முள்ளும் உண்டு, அதன் சுவர் தாங்காது. நடுவில் இருப்பது ஏடி.

பட்டனைவிட முக்கியம் சுவரின் உயரம் என்பதைக் கடையில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். காற்றை இறக்கினால் பிதுங்கி நீள்வதற்குச் சுவர் இருக்க வேண்டும். 265/70 ஆர் 16 என்றால் அகலம் 265 மி.மீ., அதில் 70 சதவீதம், அதாவது 185 மி.மீ. சுவர். ஊரில் பளபளப்புக்காகப் போடும் 20 அங்குல ரிம்மில் 265/50 வந்தால் சுவர் 132 மி.மீ.தான், அதில் காற்றை இறக்கினால் ரிம்தான் கல்லில் இடிக்கும். அளவுக்குப் பக்கத்தில் 112 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450. தீவனம் ஏற்றுகிறவன் முதலில் பார்க்க வேண்டிய எண் அது. பிறகு சுவரில் நாலு இலக்கம்: 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. கடையின் மூலையில் வருஷக்கணக்கில் வெந்த டயரும் பார்வைக்குப் புதுசாகத்தான் இருக்கும்.

ரிம்மோடு மாற்றி, டியூப் இல்லாத 265/70 ஏடி போட்டோம். சேட்டன் பில் எழுதும் நேரத்தில், போகிறபோக்கில் அந்த எம்டி டயரை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்காமலே, "நாட்டுல போய் ஒரு ஜீப்பு வாங்கிக்கோ மோனே, அதுக்கு இடலாம்" என்றார்.