ஆமைக்கும் 42 கிலோமீட்டர்தான்

நான் ஓடுவேன். ஆனா மெதுவா ஓடுவேன். எவ்வளவு மெதுவா என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிஷம். பெசன்ட் நகர் கடற்கரையில் கையை வீசிக்கொண்டு வேகநடை போடும் ரிட்டயர்டு மாமாக்களில் ரெண்டு மூணு பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். போகிற போக்கில் ஒரு 'குட்மார்னிங் சார்' வேறு :)

வயசு 47. எங்கப்பாவுக்கு இந்த வயசுக்குள்ளயே சர்க்கரை வந்தாச்சு. அறுபதில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதுக்கப்புறம் இருந்த பதினோரு வருஷத்தில் வீட்டு வாசலைத் தாண்டி அவர் போனது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். மூணு வருஷம் முன்னால எனக்கு எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால், சர்க்கரை வாசலில் நின்று காலிங்பெல் அடிக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறக்க மனசில்லை. சோத்தைக் குறைத்தேன், நடக்க ஆரம்பித்தேன், நடை மெல்ல ஓட்டமாச்சு. கடைசியாப் பார்த்தப்போ 5.8. போன வருஷம் ஒரு அரை மாரத்தானும் முடித்தாச்சு, 3 மணி 4 நிமிஷத்தில்.

இப்போ ஜனவரியில் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டியிருக்கேன். 42.195 கிலோமீட்டர். 7 மணி நேரத்துக்குள் முடிக்கணும், இல்லைன்னா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பயிற்சிக்கு 20 வாரம் இருக்கு.

முதல் வேலையா ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

2023-ல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் இந்தத் தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடினார். (பாவம், அடுத்த வருஷமே கார் விபத்தில் போய்விட்டார். 24 வயசுதான்.) என் வேகத்தில் எனக்கு 6 மணி 20 நிமிஷம் ஆகும். நிமிஷத்துக்கு 160 அடி என்று வைத்தால் மொத்தம் அறுபதாயிரம் அடிக்கு மேல. வேகமா ஓடுறவங்களுக்கு இதில் பாதிகூட வராது. அவங்க எட்டி வைக்கிற ஒரு அடியில் நம்ம ரெண்டு அடி அடங்கிடும்.

அப்புறம் வெயில். காலை 4 மணிக்கு ஓட்டம் தொடங்குது. சென்னையில் ஜனவரி மாசம் சூரியன் வர ஆறரை ஆகும். மூன்றரை மணி நேரத்தில் ஓடி முடிக்கிறவர் ஏழரைக்கெல்லாம் மெடலை மாட்டிக்கொண்டு இட்லி தேடப் போய்விடுவார். ஆறரை மணிக்கு நான் பதினேழாவது கிலோமீட்டரைக்கூட முடித்திருக்க மாட்டேன். மிச்சம் 25-ம் வெயிலில். ரோடு ஒண்ணு, தூரம் ஒண்ணு, பந்தயம் மட்டும் வேற.

சுலபமா ஓடுறவன் மெதுவா ஓடுறான்னு ஒரு நினைப்பு நிறைய பேருக்கு இருக்கு. அப்படி இல்லீங்க. மெதுவா ஓடுறவன்தான் அதிக நேரம் நிற்கிறான், அதிக வெயில் வாங்குறான். பயிற்சியும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். ஆனா கைக்குக் கிடைக்கிற அட்டவணையில் பலதும் வேகக்காரர்களை மனசில் வைத்துப் போட்டது. 'ஞாயிறு 32 கிலோமீட்டர்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். ஒருத்தருக்கு அது மூணு மணி நேர வேலை. எனக்கு 4 மணி 48 நிமிஷம்! அதிலிருந்து தேறி வர ஒரு வாரம் ஆகும்.

பெரியவங்களே இதில் ஒத்துப் போகவில்லை. பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், நீண்ட ஓட்டம் எதுவானாலும் இரண்டரை மணி நேரத்தோடு நிறுத்து என்பார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, நடுநடுவே நடந்துகொண்டு முழுத் தூரத்தையும் பயிற்சியிலேயே தொட்டுவிடு என்பார். ரெண்டு பேர் சொல்றதிலும் நியாயம் இருக்கு. நான் நடுவில் ஒரு பாதை போட்டிருக்கேன்:

1. கிலோமீட்டரை மறந்தாச்சு, கடிகாரம்தான் கணக்கு. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம். ஞாயிறு கொஞ்சம் கொஞ்சமா ஏற்றி, அதிகபட்சம் மூணே முக்கால் மணி நேரம். ஏற்கெனவே களைத்த காலோடு ஞாயிறு ஓடுவதுதான் இதில் பாடம். மூணு வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்கம்.

2. நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. களைத்த பிறகு நடப்பதில்லை, முதல் அஞ்சு நிமிஷத்திலிருந்தே இப்படித்தான். சராசரி அதே 9-தான் வருது. முட்டி மட்டும் நன்றி சொல்லுது.

3. ஓடும்போது முழு வாக்கியமாப் பேச முடியணும். தங்கமணியோட போனில் சண்டை போடுற அளவுக்கு மூச்சு மிச்சம் இருந்தா சரியான வேகம். இந்த வேகத்தில்தான் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடுது, கொழுப்பை எரிக்கப் பழகுது. மூச்சு சில வாரத்தில் பழகிடும். தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்காகும். அதனால மூச்சு சொல்றதைக் கேட்டு வேகத்தைக் கூட்டக்கூடாது.

4. சாப்பாடு. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரி. முப்பது கிலோமீட்டர் வாக்கில் பலர் சுவரில் மோதின மாதிரி நிற்பது அது தீரும்போதுதான். பையில் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் இருக்கு. முக்கால் மணிக்கு ஒரு தரம், பசிக்குதோ இல்லையோ.

5. தண்ணி. இது மெதுவா ஓடுறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேர் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடி முடித்தபோது எடை ஏறியிருந்தவர்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கும்தான் அது அதிகம். அதாவது பந்தலுக்குப் பந்தல் நின்று குடிக்க நேரம் இருக்கிற நம்ம கட்சி. தாகத்துக்குக் குடிக்கணும், பயத்துக்குக் குடிக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர்.

இதுக்கெல்லாம் விலை, ஞாயித்துக்கிழமை. ஓட்டம், குளியல், அப்புறம் பிணம் மாதிரி ஒரு தூக்கம். கண் முழிச்சா மதியம். 'இருபது ஞாயித்துக்கிழமைய யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?' என்று தங்கமணி கேட்டது நியாயமான கேள்வி. பேச்சுவார்த்தையின் முடிவில் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு, அதோடு மூணு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஓட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்டாச்சு.

அம்மா முதல்ல, 'உன்னை யாருடா தொரத்துறா?' என்று கேட்டாள். இப்போ ஒண்ணும் கேட்பதில்லை. நான் வந்து ஷூவைக் கழட்டினதும் பக்கத்தில் வந்து என் காலை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள், விரல் இடுக்கு உட்பட. அப்பா காலுக்குப் பதினோரு வருஷம் கட்டுப் போட்டவள். ஒரு தடவை சுண்டுவிரலில் கொப்புளம். பேசாமல் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து வந்தாள். நானும் பேசாமல் காலை நீட்டினேன்.

எனக்கு 40 நிமிஷம் கைவசம் இருக்கு. கிலோமீட்டருக்குப் பிரித்தால் 57 விநாடி. வெயில், பிடிப்பு, ஒண்ணுக்கு, லேஸ் கட்டுவது எல்லாம் அந்த 57-க்குள் அடங்கணும். பஞ்சாபி தாத்தா ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை 2000-ல் லண்டனில் ஓடினார். அப்போ அவருக்கு 89 வயசு என்பார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிஷம். அதே நேரம் எனக்கு வந்தாலும் போதும், வண்டிக்காரருக்குக் கையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த ஞாயிறு 2 மணி 45 நிமிஷம். திருவான்மியூரில் கிளம்பி, சாந்தோம் தாண்டி, கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பணும். யாராவது மாமா தாண்டிப் போனால் குட்மார்னிங் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

டிஸ்கி: சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவங்க, நெஞ்சில் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் இதையெல்லாம் ஆரம்பிக்காதீங்க. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தினம் ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாருங்க.