போன வாரம் எத்தனை கிலோ?

எடைப் பயிற்சிக்கு எங்கே சேரலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். எலும்பு வலு குறைகிறது, வாக்கிங் மட்டும் போதாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். ஏசி உண்டா, லேடீஸ் டைமிங் உண்டா, வருடக் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள் என்று விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: நீங்கள் போன வாரம் எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்பது அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமா?

1945இல் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்கால் அடிபட்ட வீரர்களுக்குத் தான் கொடுத்த சிகிச்சை பற்றி எழுதினார். லேசான எடையைப் பலமுறை தூக்க வைப்பதுதான் அதுவரை வழக்கம். அவரோ பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்குக் கனமான எடையைக் கொடுத்தார். கால் தேறத் தேற எடையையும் ஏற்றினார். இன்றைய எடைப் பயிற்சி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. நேற்றைய எடை தெரியாவிட்டால் இன்று எதைக் கூட்டுவது?

‘ஸ்ட்ரெங்த்’ என்று பலகை வைத்த பல வகுப்புகளில் நடப்பது வேறு. பாட்டு அதிரும், எல்லோர் கையிலும் 2 கிலோ டம்பெல், முக்கால் மணி நேரம் மூச்சு விட இடைவெளி இருக்காது. வியர்வை கொட்டும், மனசுக்கு உற்சாகமாக இருக்கும், இதயத்துக்கும் நல்லதுதான். ஆனால் அடுத்த பொங்கலுக்கும் கையில் அதே 2 கிலோதான் இருக்கும். தசை வலுப்பட வேண்டுமானால் கடைசி இரண்டு மூன்று முறை தூக்கும்போது சிரமப்பட வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து ஆற வேண்டும். உட்காரவே விடாத வகுப்பை நான் எடைப் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் ஒரு சின்ன ஜிம். நான் பார்க்கப் போயிருந்த அன்று அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவுக்கு முதல் வகுப்பு. பயிற்சியாளர் பையன் ஒரு மூங்கில் கழியை அவர் முதுகோடு சேர்த்து நிறுத்திப் பிடித்தான். பின்னந்தலை, தோள்பட்டைகளின் நடு, முதுகுத்தண்டின் அடி நுனி என்று மூன்று இடத்தில் கழி ஒட்டியிருந்தது. “குச்சி மூணு இடத்துலயும் ஒட்டியே இருக்கணும்மா. குனியாதீங்க, இடுப்பைப் பின்னால தள்ளுங்க.” அவர் குனிந்தபோதெல்லாம் அடிமுதுகில் கழி விலகியது. பொறுமையாக மறுபடி நிறுத்தினான். வகுப்பில் பாதி நேரம் இதிலேயே போயிற்று. அதற்குப் பிறகுதான் 8 கிலோ கெட்டில்பெல்லைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னான். முதுகு வளையாமல் எடுத்தார். “இவ்வளவுதானா தம்பி?” என்றார். அவன் ஒரு நீள நோட்டைப் பிரித்து அவர் பெயருக்கு நேரே 8 என்று எழுதினான். “அடுத்த வாரம் பத்து பாக்கலாம்மா.”

வகுப்பைத் தேர்ந்தெடுக்க அந்த நோட்டு ஒன்று போதும் என்பேன். கூடவே, டம்பெல் வரிசையை ஒரு பார்வை பாருங்கள். 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 என்றால் ஒரே தாவலில் பாதி மடங்கு கூடுகிறது. புதிதாக வரும் பெண்கள் பலர் அந்த இடத்தில்தான் தேங்கிவிடுகிறார்கள். இடையில் 6 கிலோ வைத்திருக்கும் ஜிம், அவர்களையும் மனதில் வைத்து நடத்தப்படும் ஜிம்.

செயலிகளில் ஒரு வகை, வீடியோவில் ஆள் செய்து காட்ட நாம் கூடவே செய்வது. அதற்கு நம் முதுகு தெரியாது. முறை பழகாதவருக்கு அதை நான் சொல்வதில்லை. இரண்டு மூன்று மாதம் ஓர் ஆளிடம் கற்றுக்கொண்ட பிறகு, ஹெவி, ஸ்ட்ராங் போன்ற குறிப்பேட்டுச் செயலிகள் மிக உதவும். போன தடவை தூக்கிய எடை இன்றைய கட்டத்துக்குப் பக்கத்திலேயே தெரியும், ஓய்வு நேரத்தையும் அதுவே எண்ணும். தினமும் வா என்று விரட்டும் செயலி தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை பெரியவர்களுக்குக் கேட்பது, எல்லா முக்கியத் தசைகளுக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்தான்.

“இந்த வயசுல எதுக்கு?” என்பவர்களுக்கு 1990இல் மரியா ஃபியட்டரோனும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதைத் தொட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.

எழுபது வயது அத்தையைச் சேர்ப்பதானால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதில் தொடங்குகிற இடமாகப் பாருங்கள். முதலில் உயரமான நாற்காலி, பிறகு தாழ்வானது, அதன் பிறகு நெஞ்சோடு அணைத்த 2 கிலோ. ஜிம் தரைத்தளத்தில் இருந்தால் இன்னும் நல்லது.