இனிஷியல் இல்லாத பெயர்கள்

வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வோம்? இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம். மென்பொருள் உலகமும் இதே வழிக்குத்தான் வந்தது. ஆனால் கொஞ்சம் அடிபட்ட பிறகு!

1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே 'கெட்லைன்' என்று ஒரு ஃபங்ஷன் வரும். ஒரு வரியைப் படித்து அதன் நீளத்தைச் சொல்லும். அதைப் பார்த்துப் படித்தவர்கள் தங்கள் புரோகிராம்களிலும் அதே பெயரை வைத்தார்கள். குனு சி நூலகத்திலும் வேறொரு கெட்லைன் இருந்தது. ஆனால் கேட்டவர்களுக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். அது 2008-ல் போசிக்ஸ் தரத்தில் சேர்ந்தது. 2009-ல் குனு நூலகத்தின் 2.10 பதிப்பு கேட்காமலே அதை எல்லோருக்கும் காட்டத் தொடங்கியது. அவ்வளவுதான், நேற்றுவரை ஒழுங்காக இருந்த பழைய புரோகிராம்கள் கம்பைல் ஆக மறுத்தன.

இதுகூடப் பரவாயில்லை. கம்பைலர் கத்தினால் தப்பு இருப்பதாவது தெரியும். கத்தாமல் போனால்? புரோகிராமில் இருக்கும் கெட்லைனை, அது பயன்படுத்தும் இன்னொரு நூலகம் தெரியாமல் அழைத்துவிடலாம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய கதை. பேரேட்டில் ஒரு ராமன் கணக்கில் எழுத வேண்டியதை இன்னொரு ராமன் கணக்கில் எழுதினாலும் இருப்பாய்வு சரியாகவே வரும். பணம் கேட்டு ஆள் வரும்போதுதான் தெரியும்!

குனுலிப் என்ற நூலகத்தின் வேலையே, ஒவ்வொரு இயங்குதளத்திலும் இல்லாத அல்லது கோளாறான ஃபங்ஷன்களுக்கு மாற்று கொடுப்பது. கோளாறான ஒன்றுக்கு மாற்று எழுதும்போது அது பழைய பெயரை அப்படியே வைப்பதில்லை. முன்னால் 'ஆர்பிஎல்_' என்று இனிஷியல் போடுகிறது. எழுதுபவர் வழக்கம்போல 'மேலாக்' என்றே எழுதலாம். ஹெடர் கோப்பில் உள்ள ஒரு வரி அதை 'ஆர்பிஎல்_மேலாக்' ஆக்கிவிடும். அசல் ஓரமாக அப்படியே இருக்கும், அதை நம்பும் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வேறொரு கருவிக்காகக் கம்பைல் செய்யும்போது, அங்கே மேலாக் சரியா என்று ஓட்டிப் பார்க்க முடியாது. பழைய ஆட்டோகான்ஃப் 'சரியில்லை' என்று முடிவு கட்டிப் பெயரை மாற்றிவிடும். மாற்று ஃபங்ஷனை யாரும் எழுதி வைத்திருக்காவிட்டால், கடைசியில் 'ஆர்பிஎல்_மேலாக்' எங்கே என்று லிங்கர் கேட்கும்.

இனிஷியல் போட்டால் மட்டும் போதாது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க ஒரு ஆளும் வேண்டும்.