முப்பது உயிரும் ஒரு கட்டைவிரலும்

மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோதே, "ஏதாவது பயனுள்ளதா எழுதுப்பா" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். நான் எழுதப்போவது டிவி கேம் பற்றி. அதிலும் 'கான்ட்ரா' என்ற ஒரே வரிசை ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆடித் தீர்க்கப் பார்த்த கதை. "இதில் என்னப்பா பயன்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் ஒரு புராஜெக்ட் வருகிறது. மூன்றாமாண்டு நண்பர்களே, அதற்காகவாவது படியுங்கள்!

கான்ட்ராவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1987இல் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியில் கொண்டுவந்து, 1988இல் வீட்டு டிவியில் ஆடும்படி மாற்றிக் கொடுத்த ஆட்டம் அது. நம் ஊர்களுக்கு அசல் இயந்திரமா வந்தது? அதைப் பார்த்துச் செய்த மலிவு டிவி கேமும், '9999 ஆட்டம்' என்று போட்டிருக்கும் கேசட்டும்தான் வந்தன. அந்த 9999இல் பாதிக்கு மேல் அதே ஆட்டத்தை வேறு பெயரில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பான். ஆனாலும் கான்ட்ரா இருந்தால் போதும், கொடுத்த காசு செரித்துவிடும்.

அதில் ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவன் நீல உடை, ஒருவன் சிவப்பு உடை. குண்டு ஒன்று பட்டாலும் உயிர் போச்சு. மொத்தம் மூன்றே உயிர், எட்டுக் கட்டம். மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். மேலே போகிறவன் அவசரப்பட்டால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்கிறவன் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவான். எதிரியே வேண்டாம், கூட ஆடுகிறவனே போதும்! இந்த அருவிக்கட்டத்தில் உறவு முறிந்த அண்ணன் தம்பிகள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருப்பார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஜெகதாப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்தை அடுத்து இருக்கிறது. ஊரே விசைப்படகை நம்பித்தான். வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாளாக்கினார்கள். அந்த 61 நாளும் படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள், வலை கட்டுவார்கள், ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். 2025 தடைக்காலத்தில்தான் நானும் என் அண்ணனும் கான்ட்ரா வரிசையைத் தொடங்கினோம்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பத்தாவதோடு படகுக்குப் போனவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கான்ட்ராவில் எப்போதும் அவர்தான் நீலம், நான் சிவப்பு. அருவிக்கட்டத்தில் அவர் ஒரு பாறை ஏறியதும் நின்று, "வாடா தம்பி, வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பாறைக்குத் தாவுவார்.

2023இல் நடுக்கடலில் வலை இழுக்கும்போது வின்ச் கயிற்றில் அவர் வலது கை மாட்டிக்கொண்டது. இன்ஜின் சத்தத்தில் அவர் கத்தியது உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை. வின்ச்சை நிறுத்துவதற்குள் கட்டைவிரல் பாதி போய்விட்டது. ஆறினபிறகு படகுக்குத் திரும்பினார். கயிறு பிடிப்பார், மீன் பிரிப்பார், எல்லாம் செய்வார். ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. யாராவது கையைப் பார்த்தால் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார்.

பரணில் பழைய டிவி கேம் கிடந்தது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கிவந்தது. உப்புக்காற்றில் கேசட் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. ரப்பர் வைத்துத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, ஊதிப்போயிருந்த ரெண்டு கெபாசிட்டரை மாற்றினேன். வீட்டில் அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி இன்னும் உயிரோடு இருந்தது. இணைத்துப் பார்த்தால் கான்ட்ரா வந்துவிட்டது! "அண்ணே, வாங்கண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். இடது கட்டைவிரல் திசைக்கு. வலது கட்டைவிரல்தான் சுடவும் தாவவும். "நீயே ஆடு" என்று சொல்லிவிட்டு வலை கட்டப் போய்விட்டார்.

அன்று இரவு ஜாய்ஸ்டிக்கைக் கழற்றினேன். நாம் டிஜிட்டல் பாடத்தில் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் படித்தோமே, அது எதற்கு என்று எனக்கு விளங்கியது அந்த ராத்திரிதான். அசல் ஜாய்ஸ்டிக்கில் 4021 என்ற எட்டு பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும். மலிவு டிவி கேமில் அதே வேலையைக் கறுப்புப் பொட்டு ஒன்று செய்யும். எட்டு பட்டனின் நிலையையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்து, இயந்திரம் கிளாக் துடிப்பு அனுப்ப அனுப்ப, ஒவ்வொரு பிட்டாக ஒரே கம்பியில் வெளியே தள்ளும். ஏ பட்டன் அழுத்தப்பட்டதா இல்லையா என்பதுதான் இயந்திரத்துக்குப் போகிறது. அழுத்தியது கட்டைவிரலா, காலா என்று அதற்குத் தெரியாது!

பிறகென்ன? ஏ பட்டனின் ரெண்டு முனையிலும் கம்பி பற்றவைத்து, பேரலலாக ஒரு காலிங்பெல் சுவிட்சை இணைத்தேன். அதை ஒரு பலகையில் பதித்துக் காலடியில் வைத்தேன். தாவுவதற்குக் கால், சுடுவதற்கு ஆள்காட்டி விரல். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்கூட வராது.

அண்ணன் பலகையைப் பார்த்தார். "இது ஏமாத்துடா" என்றார். முப்பது உயிர் தரும் ரகசியக் குறியீடு போடலாமா என்று கேட்டதற்கும் அதே பதில்தான்: "மூணு உயிர்ல ஆட முடியாதவன் எதுக்கு ஆடணும்?"

அப்போதுதான் அந்தக் குறியீட்டின் கதையை அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இதைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கோனாமி நிரலாளர். 1986இல் 'கிரேடியஸ்' என்ற விண்கல ஆட்டத்தை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றும் வேலை அவருடையது. சோதித்துப் பார்க்க வேண்டுமே, ஆட்டமோ அவருக்கே ஆட முடியாத அளவு கடினம். அதனால் எல்லா ஆயுதமும் உடனே கிடைக்கும்படி தனக்காக ஒரு குறியீடு வைத்துக்கொண்டார். அது ஆட்டத்திலேயே தங்கிவிட்டது. பின்னால் கான்ட்ராவில் அதுவே முப்பது உயிரானது. அவர் 2020இல் காலமானபோது உலகமெங்கும் நினைவுகூர்ந்தார்கள். செய்தவனே தனக்கு ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறான். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

அண்ணன் பதில் சொல்லவில்லை. பலகையைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போடு, பார்ப்போம்" என்றார்.

முதல் நாள் காட்டுக்கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. தாவ வேண்டிய நேரத்தில் கால் தாமதமாகப் போகும். நாலாம் நாள் அருவிக்கு வந்தோம். இப்போது நான் மேலே, அவர் கீழே. ஒவ்வொரு பாறையிலும் நான் நின்றேன். ஒன்பதாம் நாள் எட்டாவது கட்டத்தில் அந்தப் பெரிய இதயம் வெடித்தது. பெரியம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா அங்கே சத்தம்?" என்றார்கள். ரெண்டு பேரும் கத்தியிருக்கிறோம், எங்களுக்கே தெரியவில்லை.

ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். அசல் ஜப்பான் இயந்திரத்தில் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் விற்ற கான்ட்ரா கேசட்டில் இருந்தது மொத்தம் 128 கிலோபைட். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் எட்டுக் கட்டம், இசை, இத்தனை எதிரிகள்! சிக்கனம் என்றால் அதுதான் சிக்கனம்.

அதன்பிறகு நோட்டில் பட்டியல் போட்டோம். கைப்பேசிக்கென்று வந்தவற்றை விட்டுவிட்டாலும் 15 பெயர். 'சூப்பர் கான்ட்ரா' அதே டிவி கேமில் கிடைத்தது. அதில் குறியீடு வேறு: வலது, இடது, கீழ், மேல், ஏ, பி. கிடைப்பதும் பத்து உயிர்தான். விலைவாசி ஏறிவிட்டது போலும். 1992இல் வந்த 'கான்ட்ரா ஃபோர்ஸ்' வேறு ஆட்டமாகத் தொடங்கி, பிறகு கான்ட்ரா பெயர் ஒட்டப்பட்டது. திரையில் நாலு பேர் வந்தாலே இழுத்துக்கொண்டு ஓடும். அண்ணன், "பழைய இன்ஜினுக்குப் புதுப் பெயின்ட்" என்றார்.

அடுத்து அக்காவுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. கோனாமி 2019இல் பழைய கான்ட்ராக்களை ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டது. அதை வாங்கினோம். மடிக்கணினிக்கு ஏற்றபடி யுஎஸ்பி வசதியுள்ள ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையில் அதே மிதி சுவிட்சை இணைத்தேன். 1991இன் 'ஆபரேஷன் சி' கையடக்க இயந்திரத்துக்காக வந்தது, ஒருவர் மட்டுமே ஆடலாம். உயிருக்கு உயிர் மாற்றி மாற்றி ஆடினோம். 1992இன் 'கான்ட்ரா 3' தான் வரிசையிலேயே எனக்குப் பிடித்தது. பறக்கும் ஏவுகணைகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சண்டை! 1994இன் 'ஹார்ட் கார்ப்ஸ்' தான் மிகக் கடினம். அதில் ஒரு விசேஷம்: ஜப்பான் பதிப்பில் மூன்று அடி தாங்கலாம், அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடி. அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாரு, அவங்க ஊர்க்காரனுக்கு மட்டும் கூட ரெண்டு கொடுத்திருக்கான்." ஜப்பான் பதிப்பையே ஆடினோம். இப்போது ஏமாத்து என்ற பேச்சே வரவில்லை.

அறந்தாங்கியில் ஒரு நண்பன் வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 2 இருந்தது. 1996இன் 'லெகசி ஆஃப் வார்', 2002இன் 'ஷாட்டர்டு சோல்ஜர்', 2004இன் 'நியோ கான்ட்ரா' மூன்றும் அங்கேதான். அந்த ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற எனக்கு அனுமதி இல்லை. அண்ணன் அதை மடியில் படுக்கவைத்து, ரெண்டு விரலால் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் ஆடினார். 2024இல் வந்த 'ஆபரேஷன் கலுகா'வை வகுப்புத் தோழன் ஒருவனின் கணினியில் ஆடினோம்.

ஆக, 15இல் கைக்குக் கிடைத்தவை 10. முடித்தவை 8. மீதி ஐந்தில் சிலவற்றை இனி காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. 2009இன் 'ரீபர்த்' இணையக் கடையில் மட்டுமே விற்றது; அந்தக் கடையையே 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். 1988இன் கேசட் பரணில் கிடந்து பிழைக்கிறது, 2009இன் ஆட்டத்துக்கு இருப்பிடமே இல்லை. கணினித்துறை நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஜூன் 14 இரவு. மறுநாள் படகு இறங்க வேண்டும். ஐஸ் ஏற்றிவிட்டு வந்த அண்ணன் அந்த மிதிபலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இதை மிதிச்சா தாவுது. காலை எடுத்தா நிக்கிற மாதிரி ஒண்ணு செய்யலாமா? வின்ச்சுக்கு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு வருஷத்தில் அந்தக் கையைப் பற்றி அவராகப் பேசியது அன்றுதான்.

நண்பர்களே, அவர் கேட்டது புதிய தத்துவம் அல்ல. ஆள் மிதித்திருக்கும்வரைதான் இயந்திரம் ஓடும். ஆள் விழுந்தாலோ, மாட்டினாலோ, கால் விலகியதும் நின்றுவிடும். ரயில் இன்ஜின்களில் இதே தத்துவம் வெகுகாலமாக இருக்கிறது. கயிறு பிடிக்கிறவன் கத்த வேண்டாம், இன்ஜின் அருகில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டாம். அவன் காலே பேசிவிடும்.

என் இறுதியாண்டு புராஜெக்ட் இதுதான். இயந்திரவியல் துறை நண்பன் ஒருவனும் சேர்ந்திருக்கிறான். இப்போதைக்கு 12 வோல்ட் மோட்டார், ஒரு ரிலே, ஒரு மிதி சுவிட்ச் வைத்து மர மாதிரி ஒன்று ஓடுகிறது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மூன்று குறை சொன்னார். அலை அடிக்கும்போது தளத்தில் கால் ஓரிடத்தில் நிற்காது. சும்மா சும்மா நின்றால் ஆட்கள் கல்லைத் தூக்கி மிதிமேல் வைத்துவிடுவார்கள். உப்புத்தண்ணீரில் சுவிட்ச் ஒரு மாதம் தாங்காது. மூன்றும் நியாயம். காலுக்குப் பதில் முழங்காலால் தள்ளும் கம்பியும், சுவிட்சுக்குப் பதில் கிளட்ச்சையே நேராக இழுக்கும் கேபிளும் வைத்துப் பார்க்கலாம் என்று நண்பன் சொல்கிறான். வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்கப்போகும் கேள்விகளைவிட இவை கடினம். ஆனால் இந்தத் தேர்வாளர் வாரம் மூன்று நாள் அந்த வின்ச் பக்கத்தில் நிற்கிறார். அங்கே மேல் மேல் கீழ் கீழ் என்று எதை அழுத்தினாலும் முப்பது உயிர் வராது.

புராஜெக்ட் தலைப்பு கிடைக்காமல் சீனியர்களின் பழைய ரெக்கார்டைத் தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். ஒருநாள் உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களின் கையைப் பாருங்கள். தலைப்பு அங்கே இருக்கலாம்.

இதை எழுதும் இன்று சனிக்கிழமை. அண்ணன் கடலில் இருக்கிறார். 'ஷாட்டர்டு சோல்ஜர்' இன்னும் பாக்கி. அடுத்த ஏப்ரல் 15க்குள் அறந்தாங்கி நண்பனிடம் அந்த ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற அனுமதி வாங்கிவிட வேண்டும்.

- மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்